கேட்பதற்கு ஒரு ஆள்

டொரோண்டோவில் ஒரு பனிச்சறுக்குக் கடை. நாளை மேற்கே மலைக்குப் பறக்கிறேன். சன்னலுக்கு வெளியே பனி, விழ மனமில்லாததுபோல் மிதக்கிறது. பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிறு கருவியைக் கேட்கிறேன். என் பெயரைக் கேட்டதும் விற்பனைப் பெண் தமிழுக்கு மாறுகிறாள்.

"ஆரோட போறீங்கள், அண்ணை?"

"தனியாத்தான். அந்த அமைதிக்காகத்தான் போறேன்."

"அப்ப உது உதவாது. நீங்கள் புதைஞ்சா உது சிக்னல் அனுப்பும். அதைக் கேட்க மேல ஒரு ஆள் நிக்க வேணும். போன வருசம் நான் புதைஞ்சபோது என்ர தங்கச்சி மேல நிண்டவள்."

"உள்ள எப்படி இருந்தது?"

"சத்தமே இல்லை. நித்திரை மாதிரி. பிறகு அவள் சவலால பனியைக் கிண்டி அள்ளுற சத்தம் கேட்டது."

அங்கேயே நின்று, வழிகாட்டியுடன் போகும் குழுவொன்றில் கைப்பேசி வழியே சேர்கிறேன். என்னோடு வரப்போகும் மூவரின் பெயர்கள் திரையில் வருகின்றன.

"உங்களுக்காக மேல நிக்கப் போறவை. அந்தப் பேருகளைப் பாடமாக்குங்கோ," என்கிறாள்.