அவருடைய ஒவ்வாமை, என் கையில்

என் கணவருக்கு மூச்சிழுப்பு வந்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான். மெர்டேக்கா, அதுதான் நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். விடியும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுவார். ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெருவில் துணிக்கடை வேலை அவருக்கு. துணித் தூசிதான் காரணமென்று நாங்களாகவே முடிவுகட்டி, வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தோம்.

அதற்கு முன் ஒரு டாக்டரிடம் போனோம். யாழ்ப்பாணத்துக்காரர். எந்தத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் சின்னச் சின்ன ஊசி போட்டுக் கண்டுபிடிக்கலாமாம். ஆனால் என் கணவருக்கு நகம் பட்டாலே தடித்துவிடும். அந்தத் தோலில் எதைப் போட்டாலும் உண்மை தெரியாது என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குத் தும்மல், அரிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்படியானால் உங்கள் கையைக் கொஞ்சம் இரவல் தாருங்கோ."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வாமையை உண்டாக்கும் ஏதோ ஒரு பொருள் அவர் ரத்தத்தில் இருக்கிறதாம். அந்த ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை என் தோலுக்குள் ஏற்றினால், அந்த இடம் மட்டும் அவர் தோல்போல நடந்துகொள்ளுமாம். என் கணவர் வேண்டாம் என்றார். நான் கையை நீட்டிவிட்டேன்.

அவர் ரத்தத்தை எடுத்துத் தெளியவைத்து, அந்த நீரை என் முன்கையில் சில இடங்களில் ஏற்றினார்கள். மறுநாள் அதே இடங்களில், வெவ்வேறு தூசியிலிருந்து எடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாகப் போட்டார் டாக்டர். துணித் தூசிக்கு ஒன்றுமில்லை. பூனை முடிக்கும் இல்லை. அடுத்த இடம் அரிக்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் புடைத்து, சுற்றிலும் சிவந்தது. அதே மருந்தை மற்றக் கையிலும் போட்டிருந்தார்; அங்கே தோல் அப்படியே இருந்தது.

என் கையில் என்னுடையதல்லாத ஒன்று உயிரோடு இருந்தது. என் கணவர் அந்தத் தடிப்பைத் தொடப்போய் விரலை இழுத்துக்கொண்டார்.

"இலவம்பஞ்சு," என்றார் டாக்டர். "எதில் படுக்கிறீர்கள்?"

கல்யாணத்துக்கு என் அப்பா ஆசையாகத் தைத்துக் கொடுத்த மெத்தையில். வீட்டுக்கு வந்தோம். மெத்தையை எடுத்துவிட்டுப் பாயில் படுத்தோம். சில வாரங்களில் இழுப்பு வெகுவாகக் குறைந்தது; மழைக்காலத்தில் மட்டும் எட்டிப்பார்க்கும். வேலையை விடவில்லை. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, என் மகளுக்கும் இழுப்பு வந்தது. அவள் ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து, அதில் ஒவ்வாமையை உண்டாக்கும் அந்த எதிர்ப்பொருள் எவ்வளவு என்று அளந்தே சொன்னார்கள். நான் பழைய கதையைச் சொன்னதும் அந்த இளம் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, அவர் ரத்தத்திலிருந்து எடுத்த அந்த நீரோடு மஞ்சள்காமாலைக் கிருமியும் சேர்ந்து என் உடம்புக்குள் வந்திருக்கக்கூடும் என்றார்.

அன்று மத்தியானம் அதை என் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் கையையே பார்த்தார். பிறகு, "அன்றைக்கே வேண்டாம் என்றேனே," என்று தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.