காஸ் டுடெக் நம்பர் கேட்கிறார்

வேன் முழுசாக நிற்கக்கூட இல்லை. காஸ் டுடெக் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வாசல் படியில் நின்றபடியே வேன் கதவில் எழுதியிருந்த நம்பரைப் படித்துவிட்டார். இறங்கி வந்தவன் கைகுலுக்க நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“கை இருக்கட்டும் தம்பி. அட்டைய எடு.”

“வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன் சார்.”

“அப்ப நீயும் வீட்டுக்குப் போ.”

மூன்று வாரத்தில் இவன் ஆறாவது ஆள். சமையலறை ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த மகள் மார்சி, கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டிக்குள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

அட்டை என்றால் மாநிலம் கொடுக்கிற லைசென்ஸ் அட்டை. மேரிலாந்தில் அடுத்தவர் வீட்டில் மராமத்து வேலைக்கு வருகிறவனிடம் அது இருந்தாக வேண்டும். காஸ் அதை வாங்கி வேனில் எழுதியிருக்கிற லைசென்ஸ் நம்பரோடு வைத்துப் பார்ப்பார். அடுத்து டிரைவிங் லைசென்ஸைக் கேட்டு, படத்தில் உள்ள மூஞ்சியையும் எதிரே நிற்கிற மூஞ்சியையும் மாறி மாறிப் பார்ப்பார். அப்புறம் உள்ளே போய் மாநில அலுவலகத்துக்குப் போன் போடுவார். வந்தவன் அதுவரைக்கும் வெயிலில் நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரிலேயே தெரிந்துவிடுமே என்று மார்சி தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லியாயிற்று. “அதையும்தான் பாத்தேன்” என்பார். இரண்டையும் பார்ப்பார்.

முதலில் வந்தவன் கொடுத்த நம்பரில் ஒரு இலக்கம் குறைந்தது. “ஒண்ணு கொறஞ்சா என்ன சார், மீதியெல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டான். அடுத்தவனின் நம்பர் நல்ல நம்பர்தான். ஆனால் அது மேற்கே மலைப்பக்கம் ஜன்னல் மாட்டுகிற வேறொருவனுடையது. “என் மச்சான் நம்பர்தாங்க. குடும்பத்துக்குள்ளதானே?” என்றான். “அப்ப உன் மச்சானையே வந்து டைல்ஸ் ஒட்டச் சொல்லு” என்று கதவைச் சாத்திவிட்டார் காஸ். ஐந்தாவது ஆளுக்கு எல்லாமே சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல காஸ் வெளியே வந்தபோது, முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்த அந்த மனிதன் வேனை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் மார்சி அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

அலுவலகத்தில் போனை எடுப்பது மிஸ் லாவெர்ன். இவர் வாயைத் திறக்கும் முன்பே, மூச்சுச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். “இன்னைக்கு யாரு கண்ணு?” என்பாள். பால்டிமோர்க்காரிகளுக்கு எழுபது வயசுக் கிழவனும் கண்ணுதான்.

போனுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒரு உடைந்த பலகை சாய்ந்திருக்கும். ஒரு முனை கோணலாக, ஆப்பு மாதிரி சிதைந்திருக்கும். கேட்ட நம்பர்களை எல்லாம் காஸ் அதில்தான் தச்சுப் பென்சிலால் எழுதுவார். சரியில்லாததைக் கோடு போட்டு அடித்துவிடுவார். ஆறு நம்பரும் அடிபட்டுக் கிடந்தன. ஓடிப்போன ஐந்தாவது ஆளின் நம்பரையும் கோபத்தில் அடித்திருந்தார்.

அந்தப் பலகை பின்வாசல் மூன்றாம் படி.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டிய மனிதர் காஸ். கொக்கியைத் தானே இறங்கிவந்து பார்க்காமல் ஒரு பெட்டியைத் தூக்கியதில்லை. அப்படிப்பட்டவர் அந்தப் படிக்கு மட்டும் யாரையும் எதையும் கேட்கவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாதா கோவில் கூடத்தில் மீன் பொரித்துப் பரிமாறுவார்கள். ஆறு வெள்ளிக்கிழமை இவருக்குப் பக்கத்தில் நின்று மீன் பொரித்தவன் ஒருத்தன், தச்சு வேலையும் தெரியும் என்றான். ஒரே எண்ணெய்ச் சட்டியில் கரண்டி போட்டவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று எந்த வாயால் கேட்பது? கேட்கவில்லை. அரை விரல் நீள ஸ்குரூவில் அவன் படியை நிறுத்தியிருந்தான். மே மாதத்தில் ஒருநாள் அவர் மனைவி லொரெய்ன் துணிக்கூடையோடு இறங்கினாள். மூன்றாம் படி விட்டுப்போனது. இடுப்பு எலும்பு முறிந்தது. மீன்காரனின் போன் அன்றிலிருந்து அடிக்கவே இல்லை. ஏமாந்தவர்களுக்குக் கைகொடுக்க மாநிலத்தில் ஒரு நிதி உண்டு, ஆனால் லைசென்ஸ் உள்ளவன் ஏமாற்றியிருந்தால்தான் என்று காஸிடம் பதமாகச் சொன்னவள் இதே மிஸ் லாவெர்ன். அதுதான் இவர் போட்ட முதல் போன்.

இப்போது லொரெய்ன், எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்குகிற விடுதியில் இருக்கிறாள். சனிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். வீட்டுக் குளியல் தொட்டியோ முழங்கால் உயரம். அதைத் தாண்டிக் கால் போட அவளால் ஆகாது. தொட்டியை எடுத்துவிட்டுத் தரை மட்டத்தில் ஷவர் வைத்தால் வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் முதியோர் இல்லம். “அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல மார்சி” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்சியின் புருஷன் ரஸ் இருபது வருஷமாக டைல்ஸ் வேலை செய்கிறவன். கடற்கரை ஓட்டல் ஒன்றின் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தவன் ஞாயிறன்றுதான் ஊர் திரும்பினான். திங்கள் காலையில் வேனோடு வந்து நின்றான். காஸ் கண்ணாடியை இறக்கினார்.

“அப்பா! இது ரஸ்ஸுப்பா!”

“ரஸ்ஸுன்னு எனக்குத் தெரியும். மாநிலத்துக்குத் தெரியுமான்னு கேக்கறேன்.”

தெரியவில்லை. லைசென்ஸ் முடிந்து பதினோரு நாளாகியிருந்தது. வீடு மாறியபோது ரஸ் வேனில் புது விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டான். மாநிலத்துக்கு எழுதிப்போட மறந்துவிட்டான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதம் பழைய வீட்டில் யார் குப்பைக்கோ போயிருக்கிறது.

“பதினோரு நாள்ப்பா! அதுக்குள்ள அவனுக்கு வேலை மறந்துபோயிடுச்சா?”

“மீன்காரனுக்கும் வேலை தெரியும்னுதான் சொன்னான்.”

“அந்தப் பொறுக்கியும் என் புருஷனும் ஒண்ணா?”

காஸ் பென்சிலை எடுத்தார். பலகையில் நம்பரை எழுதினார். அடித்தார்.

மார்சி விடுவதாக இல்லை. ரஸ்தான் அவளை வேனில் ஏற்றி, “விடு, அவரு சொல்றது சட்டம்” என்று கூட்டிப்போனான். அன்றைக்கே கம்ப்யூட்டரில் புதுப்பிக்க எழுதிப்போட்டான். செவ்வாயன்று பார்த்தால் இன்னும் காலாவதி என்றே காட்டியது. வேலைக்கு மூன்று நாள் முழுசாக வேண்டும். புதன் காலையில் விட்டால் சனிக்கிழமை இல்லை.

புதன் காலை எட்டேகாலுக்கு விடுதியிலிருந்து லொரெய்ன் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“காஸ், அந்த மீன் பொரிச்சவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல நீ. இப்ப ஊருல உள்ள அத்தனை பேரையும் கேக்கற. கேட்டா என் இடுப்பு ஒட்டிக்குமா?”

“ஒட்டாது. ஆனா நீ இன்னொரு தடவ விழமாட்ட” என்றார்.

“விழறதுக்காவது நான் வீட்டுக்கு வரணும்யா.”

வைத்துவிட்டாள். மார்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ரஸ், ஷவருக்கு அடியில் பதிக்கிற புதுத் தட்டை வேனில் சாய்த்து வைத்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தான். வாசலை அவன் பார்க்கவே இல்லை.

அலுவலகம் திறக்கிற நேரம், சரியாக எட்டரைக்கு காஸ் நம்பரை அழுத்தினார். காத்திருக்கச் சொல்லும் பாட்டு ஓடியது. மார்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாட்டு அவளுக்கு மனப்பாடம்.

“இன்னைக்கு யாரு கண்ணு?”

“என் மாப்பிள்ளை.”

“மாப்பிள்ளையையுமா? நீங்க என்னைக்காவது என்னையும் அட்டை காட்டச் சொல்லப் போறீங்க” என்றாள் மிஸ் லாவெர்ன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “நேத்து சாயங்காலம்தான் ஏறியிருக்கு. செல்லும். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு.”

“பேரை எழுத்து எழுத்தாப் படிங்க.”

“அப்பா!” என்றாள் மார்சி.

மிஸ் லாவெர்ன் படித்தாள். காஸ் பலகையின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். விலாசத்தையும் கேட்டார். புது விலாசம். அதையும் எழுதினார். இந்தத் தடவை அடிக்கவில்லை. “கண்ணு, உங்க வீட்டம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க” என்று மிஸ் லாவெர்ன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

பலகையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மார்சியைத் தாண்டி வாசலுக்குப் போனார். ஷவர் தட்டு நுழைகிற மாதிரி வலைக்கதவைச் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்தார். பலகையின் சிதைந்த முனையைக் கதவுக்கு அடியில் கொடுத்து, குதிகாலால் இரண்டு உதை விட்டு இறுக்கினார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, குனிந்து, அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தார்.