பெரியப்பா கத்தினால் வரும் சாமி

எங்களோடு இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, ஓயாத முதுகுவலி. காரைக்காலில் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை, பாண்டிச்சேரியில் எடுத்ததிலும் ஒன்றுமில்லை. பாரிசிலிருக்கும் பெரியப்பா கொண்டுவந்த களிம்புகள் தீர்ந்ததுதான் மிச்சம். அத்தை படுத்தால் வேலைக்குக் கள்ளம் என்று அம்மா முணுமுணுப்பாள்.

ஒருநாள் பெரியப்பா வாட்ஸ்அப் வீடியோவில் பேசும்போது, சிக்னல் விட்டுவிட்டு வந்த எரிச்சலில் தொண்டை கிழியக் கத்தினார். அத்தையின் கண் நிலைகுத்திவிட்டது. கூப்பிட்டால் பதிலில்லை, கிள்ளினால் அசைவில்லை. அம்பகரத்தூர் காளியேதான் என்று அம்மா சூடம் கொளுத்திவிட்டாள். பெரியப்பா விடுவாரா? பாரிசில் வீடு வாங்கலாமா என்று செல்போன் வழியாகவே குறி கேட்டார். சாமி வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று வாங்கியும்விட்டார்.

அதிலிருந்து எது என்றாலும் பாரிசுக்குப் போன் போகும்.

"அண்ணே, கொஞ்சம் சத்தம் போடுங்க" என்பார் அப்பா.

பெரியப்பா கத்துவார், சாமி வரும். அது போனபின் அத்தையால் எழுந்திருக்கவே முடியாது. காளி ஏறி இறங்கிய முதுகு வலிக்காதா என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

எனக்கும் ஒரு குறி கேட்க வேண்டியிருந்தது, கணக்கில் தேறுவேனா என்று. வீட்டில் வேறு யாருமில்லாத ஒரு மதியம், இடுப்பில் கைவைத்துப் பெரியப்பா மாதிரியே "ஏய்!" என்று கத்தினேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உனக்கெல்லாம் வராதுடி."

"பெரியப்பாவுக்கு மட்டும் வருதே?"

"அண்ணனுக்கு எங்கப்பா கொரலு. அந்தக் கொரலு கேட்டா அடுத்தது பெல்ட்டுதான்."

அவள் சொன்னது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய என் தாத்தாவை. நான் பிறக்கும் முன்பே போய்ச்சேர்ந்தவர்.

"உன் வயசுல செவத்துப் பல்லியையே பாத்துக்கிட்டு நிப்பேன். செத்த நேரத்துல பல்லிகிட்டயே போயிடுவேன். அடி எனக்குத் தெரியாது."

"அப்ப முதுகு?"

"அதால வர முடியாதே. அது அங்கயே நின்னு வாங்குச்சு."

"அப்ப காளி இல்லியா அத்தை?"

"காளின்னாத்தான் படுக்க விடுறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத."

நான் எங்கே அதைக் காதில் வாங்கினேன்? அடி தெரியாமல் போக ஒரு வித்தை! அம்மாவின் தோசைக்கரண்டி அடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"எனக்கும் சொல்லிக் குடுங்க அத்தை" என்று காலைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"உனக்கு அது வரவே வேணாம்டி."

இவ்வளவு நல்ல வித்தையைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறாளே என்று அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.