குவபாராவின் சுட்டுவிரல்

என் வீட்டுக்காரர் குவபாரா எய்சாகு ரயில் ஓட்டியவர். எங்கள் ஊரில் ரயில் ஓட்டுகிறவர் எதையும் வெறுமனே பார்க்கக் கூடாது. விரலை நீட்டிச் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "சிக்னல், சரி! கதவு, சரி!" ஓய்வு பெற்றதும் சீருடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விரலை வாங்க மறந்துவிட்டார்கள்.

வீட்டில் அடுப்பு சரி, பூட்டு சரி, மிசோ சூப்பும் சரி. அவர் அம்மாவின் சாவுக்கு மந்திரம் ஓத வந்த பிட்சுவையே சுட்டி, "சரி!" என்றார். அந்த விரல் நீளாத ஒரே பொருள் நான்தான். நெடுஞ்சாலைக் கடைகளில் இரண்டு முறை என்னை விட்டுவிட்டே காரைக் கிளப்பியிருக்கிறார். மூன்றாவது முறையும் மறந்தால் சென்டாயில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். வெறும் மிரட்டல் இல்லை. தங்கை எனக்காக அறையே ஒழித்துவிட்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் காரில் சுற்றக் கிளம்பினோம். வழியில் ஒரு பழைய கல்குவாரிக் குகை. மலையைக் குடைந்து கல்லையெல்லாம் விற்றுவிட்டார்கள்; மிச்சம் இருக்கும் காற்றுக்கு டிக்கெட் போடுகிறார்கள். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இறங்கினோம்.

"படி, சரி! கைப்பிடி, சரி!"

"சரி... சரி..." என்றது குகை. மனுஷனுக்கு முகமெல்லாம் பல். வீட்டில் இதுவரை அவருக்கு யாரும் பதில் சொன்னதில்லையே.

எங்கள் ஜனங்களுக்கு ஒருவர் கவசத்தோடு விறைப்பாக நின்றால் போதும், பின்னால் வரிசை கட்டிவிடுவார்கள். எல்லோர் தலையிலும்தான் கவசம் இருந்தது. அதை யார் யோசித்தார்கள்? வந்திருந்த கூட்டமெல்லாம் விரலை நீட்டி "தண்ணி, சரி!" என்று கோரஸ் பாடியது. நான் சுவரில் உளி பட்ட தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பினால் ஒருவரும் இல்லை.

வெட்டிப்போட்ட கல் ஒன்றில் உட்கார்ந்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை.

மேலே அவர் கண்ணாடி, பிரேக் எல்லாம் சரிபார்த்துக் காரை வாசல்வரை ஓட்டிவிட்டாராம். டிக்கெட் கொடுக்கிற அம்மாள்தான் குறுக்கே ஓடியிருக்கிறாள்: "ஐயா, உங்க வீட்டம்மா இன்னும் உள்ளதானே இருக்காங்க?"

இறங்கி வந்தார். வரிசையும் பின்னாலேயே வந்தது. என்னைப் பார்த்ததும் விரல் நீண்டது.

"மிட்சுயோ... சரி!"

"சரியில்ல" என்றேன்.

அப்படியே கல்லாய் நின்றுவிட்டார். ஒன்று சரியில்லை என்றால் வண்டி நகரக் கூடாது. அது விதி.

டிக்கெட் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஐயா, மூடுற நேரமாச்சு."

"நகர முடியாதும்மா. சிவப்பு விழுந்திருக்கு" என்றார். வரிசையும் பயபக்தியோடு நின்றது.

பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்: "என்ன பழுது?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன். ஆரம்பித்தேன்.

"அம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பின்னாடி கேக்கல!" என்றார் வரிசைக் கடைசியில் ஒருவர்.

சத்தமாகவே சொன்னேன். ஒவ்வொரு குறைக்கும் அவர் விரல் அவர் நெஞ்சையே சுட்டியது. ஒரு தடவைகூடச் "சரி" என்று சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

சொல்லி முடித்து எழுந்து, கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டேன்.

"பச்சை எல்லாம் இல்ல" என்றேன். "மஞ்சள்தான். மெதுவாப் போங்க, நான் பக்கத்துல வர்றேன்."