மூன்றாம் தண்ணீர்

அன்றைக்கு வாசகசாலையில் இருந்தவர்கள்: செயலாளர், அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். அத்தர்க் கடை பாய், பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தவர். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். கதவோரம் நான். வாசகசாலையைத் திறந்து கூட்டிப் பூட்டுவது என் வேலை. உசிலம்பட்டிப் பக்கம் மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

மதுரை முழுக்கப் பெரியம்மை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். வாசகசாலையிலும் பிள்ளைகள் கூடக்கூடாது என்று உத்தரவு. புத்தகங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார் செயலாளர்.

"குடுங்க. ஆனா வேப்பிலை சொருகுன வீட்டுக்குப் போகாதீக. திரும்பி வர்ற புத்தகத்த மூணு நாள் வெயில்ல விரிச்சு வச்சுட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குக் குடுக்கணும்" என்றார் கம்பவுண்டர்.

"பாய், உங்க அத்தரத் தெளிச்சுக் குடுத்தா என்ன?" என்று கேட்டார் செயலாளர்.

"தெளிச்சா படிக்காதுக. மோந்துக்கிட்டே உக்காந்துரும்."

சிரித்தோம்.

தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பேன். யாருக்கு எந்தப் புத்தகம், என்றைக்கு என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை செல்லூர். அங்கே ஒரு தறிக்காரர் மகள். ஒன்பது வயது. தெருமுனையில் என்னைக் கண்டதும் கத்துவாள்.

"சிங்கப் புத்தகம் வந்துருச்சா மாமா?"

"அடுத்த வாரம் தாயி."

"போன வாரமும் இதத்தான சொன்னீக. நீங்களே ஒளிச்சு வச்சுப் படிக்கிறீக."

ஒரு செவ்வாய் அந்தப் புத்தகம் கைக்கு வந்தது. அவளுக்கென்று எடுத்துப் போனேன். வழியில் வேப்பிலை சொருகிய வீடு. ஒதுங்கி நடந்தேன். உள்ளேயிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

"அண்ணே, எம் மகன் சிங்கப் படம் போட்ட புத்தகம் வேணுங்கிறான்."

"இந்த வீட்டுக்குக் குடுக்கக் கூடாதும்மா."

"அவனா கேக்குறான்? ஆத்தாள்ல கேக்குறா. இல்லன்னுட்டுப் போயிருவீகளா?"

அம்மை கண்ட பிள்ளை எதைக் கேட்டாலும் நாங்கள் மறுப்பதில்லை. படியில் வைத்துவிட்டு வந்தேன். இனி அது திரும்பாது, போகட்டும் என்று நினைத்தேன்.

பையன் பிழைத்துக்கொண்டான். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள், ஒரு திங்கள்கிழமை, அவன் தாய் புத்தகத்தை வாசகசாலைக்கே கொண்டுவந்தாள். அட்டையில் மஞ்சள் தடவியிருந்தாள்.

"ஆத்தா மலையேறிட்டாண்ணே. வேற பிள்ளைக்குக் குடுங்க."

மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் வீடு சுத்தம். அங்கே கை நனைப்போம். அதற்குப் பிறகும் அந்தப் புத்தகத்தை வெயிலில் போட்டால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாகும். நான் போடவில்லை. மறுநாளே செல்லூருக்கு எடுத்துப்போனேன்.

தறிக்காரர் மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த செவ்வாய், "இன்னொரு வாரம் இருக்கட்டும் மாமா" என்றாள்.

அதற்கடுத்த செவ்வாய் தகப்பனார்தான் நின்றார்.

"ஞாயித்துக்கெழம காச்சல் கண்டுச்சுண்ணே. இன்னும் முத்துப் போடல."

அடுத்த வாரம் நிலையில் வேப்பிலை. அவள் எதையும் கேட்கிறாளா என்று வெளியில் நின்றே விசாரித்தேன். பேச்சு இல்லை என்றார்கள்.

அதற்கடுத்த வாரம் தறிச் சத்தம் இல்லை. தகப்பனார் வெளியே வந்தார்.

"பிள்ள போயிருச்சு. புத்தகத்தையும் கூடவே வச்சுப் பொதைச்சுட்டோம். கோவிச்சுக்கிறாதீகண்ணே."

பரவாயில்லை என்றேன். பெட்டியைத் திறக்காமலே திரும்பினேன்.

கம்பவுண்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்தத் தெருவுல நாலு பக்கமும் அம்மை கெடக்கு மாப்ள. உன் புத்தகந்தான்னு யாரு கண்டா?"

"ஒட்டுனா எம்புட்டு நாள்ல காச்சல் வரும்?"

அவர் சீசா கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பத்து நாளுக்கு மேல ஆகும். பதினாலு தாண்டாது. ரெண்டு மூணு நாள்ல வந்துருந்தா அது வேற எடம். நீ நல்லாத் தூங்கலாம்."

வாசகசாலைக்கு வந்து நோட்டை எடுத்தேன். அவள் பெயருக்கு நேரே நான் எழுதிய தேதி இருந்தது. காய்ச்சல் கண்ட ஞாயிறு வரை விரல் மடக்கி எண்ணினேன். தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடியும் எண்ணினேன்.

பன்னிரண்டு.