நான் முன்கூட்டியே சொன்ன விடை

புவனகிரி அருகே ஓர் அரசுப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. ஒரு காலத்தில், செய்முறைத் தேர்வின் டைட்ரேஷனில், பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து எத்தனை மில்லி கரைசல் இறங்கும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுவேன். எல்லோருக்கும் முழு மார்க், எனக்கும் பெருமை.

2008இல், பிளஸ் டூ முடித்த கவிதா, சர்க்கரை ஆலை ஆய்வக வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"டைட்ரேஷன் பண்ணச் சொன்னாங்க மிஸ். எவ்ளோ வரணும் சார்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

நல்லவேளை, மறுவாரம் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். தினமும் மாலையில் எங்கள் ஆய்வகத்தில் அவளே செய்து பழகினாள். வேலை கிடைத்தது.

இப்போது கரைசலை ஆய்வக உதவியாளர் கலக்குகிறார். நான் கேட்டுக்கொண்டபடி, அளவை என்னிடமும் சொல்வதில்லை.

"எவ்ளோ வரணும் மிஸ்?" என்று யாராவது கேட்டால், தைரியமாகச் சொல்கிறேன்: "எனக்குத் தெரியாது. நீ செஞ்சு சொல்லு."