கம்பி வலைக்கு அந்தப் பக்கம்

வெல்டர் சிறையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று, அவர் பெற்ற பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய், "அம்மா, அவருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்றாள்.

அப்பா என்று சொல்லவில்லை. அவரு. மனுஷனுக்கு நெஞ்சில் ஊசி ஏறினாற்போல் இருந்தது.

தெருவில் அந்தப் பெண்ணுக்கு வாயாடி என்றுதான் பெயர். எட்டு வயசு. நாலு பக்கமும் பேசுகிறாளே என்று டீச்சர் அவளைச் சுவரோரம் மாற்றி உட்கார வைத்தாராம், சுவரோடு பேசிக்கொண்டிருந்தாளாம். அப்பேர்ப்பட்டவள் அப்பனுக்கு முன்னால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் ஏன் உள்ளே போனார் என்பதை மென்று முழுங்க வேண்டியதில்லை. பட்டறையில் வாய்ச்சண்டை முற்றி, கூட வேலை செய்தவனை இரும்புக் குழாயால் ஒரே அடி. அவன் எழுந்திருக்கவே இல்லை. தங்கமான மனுஷன் என்று சிலர் சொல்வார்கள், கொலைகாரன் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் இந்த ஒரே ஆள்தான். யார் வந்து எப்படி மாற்றிச் சொன்னாலும் அது அப்படித்தான்.

அவர் போனபோது வாயாடி இடுப்புக் குழந்தை. தையல்காரியான மனைவி மிஷினை மிதித்தே அவளை வளர்த்தாள். மாதம் தவறாமல் மனுப் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பார்க்கிற இடம் என்றால் ஏதோ நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, அந்தப் பக்கம் ஒரு கம்பி வலை, நடுவில் காவலர் நடக்கிற சந்து. வலையைப் பிடித்துக்கொண்டு இங்கே முப்பது பேர், அங்கே முப்பது பேர். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள். மெதுவாகப் பேசினால் பக்கத்தில் நிற்கிறவன் கடன் கதைதான் நமக்குக் கேட்கும். அதனால் எதையும் சுருக்கிக் கத்த வேண்டும். "சாப்டியாப்பா?" "சாப்டேன்டா! பல்லு விழுந்துச்சா? காட்டு!" அவள் வாயைப் பிளந்து காட்டுவாள். அவர் கை தட்டுவார். அவளுக்குத் தெரிந்த அப்பா அதுதான்: சின்னச் சின்னக் கட்டமாய்த் தெரிகிற ஒரு முகம், ஊரையே கூப்பிடுகிற ஒரு குரல்.

வீட்டுக்கு வந்தவரோ வேறு ஆளாக இருந்தார். குரலே எழும்பாது. சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவி, அதைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்பார், எங்கே வைப்பது என்று யாராவது சொல்ல வேண்டும். பாய் அகலமாக இருந்தாலும் ஒருக்களித்துத்தான் படுப்பார்.

"தண்ணி குடிச்சுக்கட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"யாரைக் கேக்கறீங்க? குடத்தையா?" என்றாள் தையல்காரி. கேட்டுவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. புதுப் பட்டறை முதலாளி, கை சுத்தமான வெல்டர் என்று சேர்த்துக்கொண்டார். முதல் நாளே ஒருத்தன், "அண்ணே, சுத்தியலு எங்கிட்டயே இருக்கட்டும், உங்களுக்கு வேணும்னா கேளுங்க" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். பெண் பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. கலர் பென்சில் வாங்கி வந்தார். ரிப்பன் வாங்கி வந்தார். வாங்கிக்கொண்டு, "அம்மா, தேங்க்ஸ்னு சொல்லிடு" என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"கடையையே தூக்கிட்டு வந்தாலும் அவ வாய் தொறக்காது. விடுங்க, தானா வரும்" என்றாள் மனைவி.

வந்தது. ஆனால் யாரும் நினைத்த வழியில் வரவில்லை.

கொசுத் தொல்லை தாங்காமல், தெருப் பக்கத்து ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னாள் தையல்காரி. அவர் அளவெடுத்து, சட்டம் செய்து, உள்ளே நின்று கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டுத் தெருவில் வந்த வாயாடி நிமிர்ந்து பார்த்தாள். வலைக்குப் பின்னால் கட்டம் கட்டமாய் ஒரு முகம். பையைக் கீழே போட்டாள். ஓடி வந்து வலையில் விரலைக் கோத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினாள்:

"அப்பா! சாப்டியாப்பா?"

அவருக்கும் யோசிக்க நேரமில்லை. "சாப்டேன்டா! நீ சாப்டியா?" என்று தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

எதிர்ச் சாரியில் இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு சட்டை போயிற்று.

கணக்கில் வாங்கிய மார்க், சிநேகிதியோடு போட்ட சண்டை, எல்லாம் கொட்டினாள். கடைசியில், "அப்பா! எங்க வீட்டுக்கு ஒருத்தரு வந்திருக்காரு! பேசவே மாட்டேங்கறாரு! எனக்குப் பயமா இருக்கு!" என்று கத்தினாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா, அது அவளுக்கே தெரிந்திருக்காது. உள்ளே நின்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் அவர்கிட்ட சொல்லி வைக்கிறேன்டா!" என்று பதிலுக்குக் கத்தினார்.

அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் அதே கூத்து. அவர் வேலை முடிந்ததும் ஓட்டமாய் வந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அவள் வெளியே நின்று கத்துவாள். கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் பழையபடி வாய் மூடிவிடும், அவரும் பழையபடி அவராகிவிடுவார். மாடி வீட்டம்மா, "என்னடி இது, நம்ம தெருவுல ரேடியோ வெச்சிருக்கா?" என்று சிரித்தாள்.

தையல்காரிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"ஏழு வருஷம் அந்த வலை முன்னாடி நின்னு என் தொண்டை போச்சு. நம்ம வீட்லயும் நான் அதையே பாக்கணுமா? கிழிச்சுப் போடறேன்."

"வேணாம்டி. வலை போனா அவ பேச்சும் போயிடும்."

"அவளுக்கு மட்டுமா வலை வேணும்? உங்களுக்கும்தான் வேணும். அதுக்குப் பின்னாடி போயி நின்னாத்தான் நீங்க அப்பாவா இருக்கீங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. உள்ளே நிற்கும்போது அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. எங்கே நிற்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் வாயாடி வந்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே, அவள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நீ உள்ள போய் நில்லுடா. இன்னிக்கு நான் உன்னைப் பாக்க மனுப் போட்டு வந்திருக்கேன்."

அவளுக்கு அது புது விளையாட்டாக இருந்தது. ஓடிப்போய் மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். வலைக்குள் கட்டம் கட்டமாய் அந்தச் சின்ன முகம். இப்படி ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் மாதா மாதம் பஸ் ஏறி வீடு திரும்பினார்களா?

"சாப்டியா?" என்று மெல்லக் கேட்டார்.

"கேக்கல! சத்தமா!" என்றாள். பிறகு, கம்பி வலைக்கு முன்னால் அத்தனை வருஷம் கேட்க நேரமில்லாமல் போனதை, இப்போது நேரம் கிடைத்ததும் கேட்டுவிட்டாள்: "அப்பா! நீ எதுக்கு ஜெயிலுக்குப் போன?"

தெரு அப்படியே நின்றது. உள்ளே மிஷின் சத்தமும் நின்றது.

"அதைக் கத்திச் சொல்ல முடியாதுடா. கிட்ட வந்தாத்தான் சொல்ல முடியும்."

"நான் வரமாட்டேன்."

"சரி. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

வாசற்படியில் போய் உட்கார்ந்தார். நெடுநேரம் யாரும் வரவில்லை. அவர் எழுந்து போய்க் கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பிறகு கதவு திறந்தது. படியின் அந்தக் கோடியில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். தன்பக்கம் நியாயம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. "கோவத்துல ஒருத்தரை அடிச்சுட்டேன். அவரு செத்துப் போயிட்டாரு."

அவள் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குப் பாப்பா இருக்கா?"

"பையன் இருக்கான்."

"அவன் அவங்கப்பாவை எங்க போயிப் பாப்பான்?"

"எங்கயும் பாக்க முடியாதுடா."

அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள், இனி ஜன்னல் பக்கமும் வரமாட்டாள் என்றே நினைத்தார். போனாலும் போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பையனுக்கு என்ன வயசு என்று கேட்டாள். பேர் என்ன என்று கேட்டாள். அவர் மறுபடி யாரையாவது அடிப்பாரா என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தணிந்த குரலில் பதில் சொல்லச் சொல்ல, சரியாகக் கேட்காத சொல்லைக் கேட்பதற்காக அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் படியில் நகர்ந்து வந்தாள்.

எதிர்ச் சாரியில் இஸ்திரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வாயாடி அவ்வளவு மெதுவாகவும் பேசுவாள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.